நீலக் கோட்டு

என் அலுவலகக் கதவுக்குப் பின்னால்
ஒரு நீலக் கோட்டு தொங்குகிறது.
எல்லா அணிக்கும் அது ஒன்றுதான்.
வேலைக்கான புகைப்படம் எடுக்கும் நாளில்
அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்புமாக வந்து
மேலே இதை மாட்டிக்கொண்டு நிற்பார்கள்.
கூடைப்பந்துக்காரனுக்குக் கை முழங்கையோடு முடிந்துவிடும்.
நெடுந்தூர ஓட்டக்காரிக்கு முதுகில் நான்கு கிளிப்புகள் வேண்டும்.
தையலைப் பிரிப்பவர்கள் நீச்சல்காரர்கள்.
அந்தத் தோளை மூன்று முறை தைத்திருக்கிறேன்,
கைக்குக் கிடைத்த நூலில்.

என் பதவியின் பெயர் நீளம்.
கதவுப் பலகையில் இடம் போதாமல்
'வளர்ச்சி' மட்டும் அடுத்த வரிக்குப் போய்விட்டது.
சொல்லித்தருவது இவ்வளவுதான்:
சம்பளம் கேட்கும்போது தரையைப் பார்க்காதிருப்பது,
முதல் மாதம் வரி எவ்வளவு போகும் என்பது,
விருந்தில் மூன்று முள்கரண்டிகளில் எது முதலில் என்பது.
(பசிக்கு எதுவானாலும் சரி என்றான் ஒரு மல்யுத்தக்காரன்.
அவன் எடை குறைக்கும் வாரம் அது.)

'அனுபவம்' என்ற கட்டத்தில் எல்லாருடைய பேனாவும் நின்றுவிடும்.
கோடை வேலை கிடையாது, கோடையிலும் பயிற்சி.
"நான் எதுவும் செய்ததில்லை" என்றான் காலெப் ட்வோராக்,
பதினோரு வருடமாக விடிகாலை நாலே முக்காலுக்குக்
கார் கண்ணாடியில் பனியைச் சுரண்டுகிறவன்.
அதை எழுது என்றேன்.
"அதையா? அது தூக்கம் கெட்ட கணக்கு" என்றான்.

ப்ளாட் ஆற்றில் கொக்குகள் வந்திறங்கும் மார்ச் மாதம்,
ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு
ஆண்கள் நீச்சல் அணியைக் கல்லூரி நிறுத்தியது.
பணமில்லை. நான்கு பத்திக் கடிதம்.
மூன்றாவது பத்தி நான் எழுதியது:
மாணவர்களின் எதிர்காலத்துக்கு எங்கள் திட்டம் துணைநிற்கும்.
திங்களன்று கேட்டார்கள். இருபது நிமிடத்தில் கொடுத்துவிட்டேன்.
குளத்தைக் கடந்துதான் காருக்குப் போகவேண்டும்.
கண்ணாடிக்கு அப்பால் பதினாறு பேர்
சுவரை உதைத்துத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.
நான் சாவியைத் தேடுவதுபோல் பைக்குள் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

செவ்வாய் இரவு ஏழுக்கு அவர்களுக்கு நேர்காணல் பயிற்சி,
ஜனவரியிலேயே குறித்தது.
ரத்து செய்ய யாருக்கும் தோன்றவில்லை.
வரமாட்டார்கள் என்று விளக்கை அணைக்கப் போனேன்.
பதினாறு பேரும் வந்தார்கள்.
ஈரத் தலை. குளோரின் வாசனை.
இல்லாத அணிக்காக இரண்டு மணி நேரம் நீந்திவிட்டு வந்திருக்கிறார்கள்.

திரையில் நான் ஏற்றிவைத்திருந்த கேள்வி:
ஐந்து வருடங்களில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?
பின்வரிசையில் யாரோ சிரித்தான்.
பிறகு அறை முழுக்கச் சிரிப்பு.
ரிமோட்டை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

முதலாண்டுப் பையன் ஆன்செல்ம்,
அலாஸ்காவிலிருந்து வந்தவன், கோட்டை இன்னும் போட்டுப் பார்க்காதவன்,
கை தூக்கினான்: "இன்று நாங்கள் உங்களைக் கேட்கலாமா?"
நாற்காலியைத் திருப்பிப் போட்டார்கள்.
கோட்டை எனக்கு மாட்டினார்கள்.
தொளதொளவென்றிருந்தது. யாரோ பின்னால் கிளிப் போட்டான்,
இரண்டு, மூன்று.

"அணியில் ஒருவராக நீங்கள் எடுத்த கடினமான முடிவு?"

நிலைமை, செயல், விளைவு. இரண்டு நிமிடம். கண்ணைப் பார்த்து.
நான் கற்றுக்கொடுத்த வரிசை.
மூன்றாவது பத்தி நான் எழுதியது என்றேன்.
எனக்குத் திங்களே தெரியும் என்றேன்.
ஒன்றரை நிமிடம் மிச்சமிருந்தது.
அதற்குள் போட ஒன்றுமில்லை.

ஹீட்டர் டக்டக்கென்றது.
மதிப்பெண் தாளைக் காலெப் நிரப்பி
மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்.
பெயர்: வெர்னா ஹாலோவே.
தெளிவு: ஐந்துக்கு ஐந்து.
கண் பார்வை: நான்கு.
கைகுலுக்கல்: நடக்கவில்லை.

புதன் காலை எட்டிலிருந்து மற்ற கல்லூரிகளுக்குப் போன் போட்டேன்.
ஏழாவது இடத்தில் ஒரு பயிற்சியாளர் எடுத்தார்.
ட்வோராக், பட்டாம்பூச்சி நீச்சல், இருநூறு கெஜம்.
நேரம் கேட்டார், சொன்னேன்.
கொஞ்சம் மெதுவு என்றார்.
வேறு என்ன செய்வான் என்றார்.

எழுந்து வருவான், என்றேன்.